அணுவின் அகமும் புறமும்

செம்பு மின்சாரத்தைக் கடத்துகிறது, கந்தகம் கடத்துவதில்லை. வைரம் ஒளியைத் தன்னூடே செல்ல விடுகிறது. அதே கரியணுக்களால் ஆன பென்சில் கரி ஒளியை விழுங்கிவிடுகிறது. ஈயத்தை விரலால் வளைக்கலாம். சிலிக்கனை வளைக்கப் புகுந்தால் ஒடிந்துவிடும். இவ்வேறுபாடுகளுக்கெல்லாம் காரணம் யாது என்று வினவினால், பௌதிக நூலார் ஒரே விடையைச் சொல்வர். அணுவின் புறக்கூட்டில் உலவும் எலெக்ட்ரான்கள் சில. அவை எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைப் பொறுத்தே பொருளின் குணம் அமைகிறது என்பர்.

அவற்றின் நடத்தையை ஆளும் சமன்பாட்டை எர்வின் ஷ்ரோடிங்கர் 1926-ஆம் ஆண்டில் எழுதிவிட்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1929-இல், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பால் டிராக், ரசாயனம் முழுமைக்கும் பௌதிகத்தின் பெரும் பகுதிக்கும் வேண்டிய அடிப்படை விதிகள் இப்போது தெரிந்துவிட்டன என்றும், அவ்விதிகள் தரும் சமன்பாடுகளைத் தீர்க்க இயலாமையே எஞ்சி நிற்கும் இடர்ப்பாடு என்றும் குறிப்பிட்டார். விதி கைக்கு எட்டியது, விடை எட்டவில்லை. ஆகவே அளவிறந்த கணக்கு வேலையின்றி விடைக்கு அருகே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகளை வகுக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து.

அப்படி வகுக்கப்பட்ட வழிகளுள் ஒன்றின் வரலாற்றையே இங்குக் கூறப் புகுகின்றோம். சூடோபொடென்ஷியல் என்பது அதன் ஆங்கிலப் பெயர். நாம் பௌதிகம் பயின்றவர் அல்லோம். கலைப் படிப்புப் படித்து, அரசாங்கக் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதையே தொழிலாகக் கொண்டவர். ஆயினும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்து, பொருள் கெடாமல் காப்பது எப்படி என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. அக்கேள்வியே இவ்வரலாற்றின் உள்ளீடாகவும் இருப்பதால் இதனை எடுத்துச் சொல்லத் துணிந்தோம்.

சிலிக்கன் அணுவை எடுத்துக்கொள்வோம். அதில் எலெக்ட்ரான்கள் பதினான்கு. அவற்றுள் பத்து, அணுக்கருவை நெருங்கிய இரண்டு உட்கூடுகளில் இறுக அடங்கியிருக்கின்றன. எஞ்சிய நான்கே புறக்கூட்டில் உலவி, பக்கத்து அணுக்களோடு பிணைப்பை ஏற்படுத்துகின்றன. ஈயத்தில் எண்பத்திரண்டு எலெக்ட்ரான்கள். அவற்றுள்ளும் பிணைப்பில் ஈடுபடுவன நான்குதாம். அகத்தே இருப்பவை, அணு தனியே நின்றாலும் திடப்பொருளில் கோடானுகோடி அணுக்களிடையே நின்றாலும், ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்துவிடுகின்றன. அப்படியானால் அவற்றை ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்? விட்டுவிடலாமே என்று தோன்றும்.

விட்டுவிட்டால் விபரீதம் விளையும். இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருத்தல் இயலாது என்பது வோல்ஃப்காங் பௌலி 1925-இல் கண்ட விதி. உட்கூடுகள் நிரம்பியிருப்பதால்தான் புறத்து எலெக்ட்ரான் புறத்தே நிற்கிறது. உள்ளே இருப்பவற்றைக் கணக்கிலிருந்து நீக்கினால், காலியான அந்த இடங்களில் புறத்து எலெக்ட்ரான் விழுந்துவிடும்; கிடைக்கும் விடை சிலிக்கனைப் பற்றியதாக இராது.

விடுமுறைக்கு ஊர் செல்ல தில்லியில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறிய அனுபவம் நேயர்களுள் பலருக்கு உண்டு. முன்பதிவு செய்தவர்களால் நிரம்பிய பெட்டி. இடமின்றி ஏறிய ஒருவர் வாயிலருகே நிற்கிறார். உள்ளே போகவேண்டும் என்ற ஆசை அவரை இழுக்கிறது. உள்ளே இருப்போர் கூட்டம் அவரைத் தள்ளுகிறது. உள்ளிருக்கும் எழுபத்திரண்டு பேரின் பெயரும் ஊரும் அவருக்கு வேண்டியதில்லை. உள்ளே இடமில்லை என்ற ஒரே செய்தி போதும். அவர் எங்கே நிற்பார், எப்படி நகர்வார் என்பதை அதைக் கொண்டே சொல்லிவிடலாம். புறத்து எலெக்ட்ரானின் நிலையும் அஃதே. கருவின் மின்கவர்ச்சி அதனை உள்ளே இழுக்கிறது. பௌலியின் விதி வெளியே தள்ளுகிறது. இழுப்பும் தள்ளுதலும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிட, எஞ்சி நிற்கும் சிறு விசையே எலெக்ட்ரானுக்கு உண்மையில் வாய்ப்பது. பதினான்கு எலெக்ட்ரான்களின் கணக்கைப் போடாமல், அந்த எஞ்சிய விசைக்கு உரிய எளிய நிலையாற்றல் ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு எலெக்ட்ரான்களின் கணக்கைப் போட்டுவிடுவதே இம்முறை.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் உண்மையான நிலையாற்றலை எடுத்துவிட்டுக் கற்பனையான ஒன்றை அவ்விடத்தில் வைப்பதற்கு உரிமை ஏது? இக்கேள்விக்குச் சரியான விடை கிடைக்க ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

முதலடி ரோமாபுரியில் எடுத்து வைக்கப்பட்டது. அங்கே எதோர்தோ அமால்தி, எமீலியோ செக்ரே என்னும் இளைஞர் இருவர், சோடியம், பொட்டாசியம் போன்ற உலோகங்களின் ஆவியை வேறு வாயுக்களோடு கலந்து, அவற்றின் நிறமாலையை ஆராய்ந்தனர். வெகுவாகக் கிளர்ச்சியுற்ற அணுவில் புறத்து எலெக்ட்ரான் கருவிலிருந்து நெடுந்தொலைவு விலகிச் சுழல்கிறது. அச்சுழற்பாதைக்குள் ஆயிரக்கணக்கான அந்நிய வாயுவின் அணுக்கள் அகப்பட்டுக்கொள்கின்றன. நிறமாலைக் கோடுகள் மறைந்துபோகும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவை மறையவில்லை, சிறிது இடம் பெயர்ந்தன. சில வாயுக்களில் சிவப்பை நோக்கியும், சிலவற்றில் ஊதாவை நோக்கியும் பெயர்ந்தன.

1934-இல் என்ரிக்கோ ஃபெர்மி இதனை விளக்கினார். மெதுவாகச் செல்லும் எலெக்ட்ரானின் அலை மிக நீண்டது. அது எதிர்ப்படும் அணுவின் உள்ளமைப்பைக் கூர்ந்து நோக்கும் ஆற்றலற்றது. ஆதலின் அவ்வணுவின் உள்ளே நடப்பது என்ன என்று நாம் அறிய வேண்டியதில்லை. மோதிச் சிதறிய அலை எவ்வளவு தள்ளிப் போயிற்று என்று காட்டும் ஒரு நீளம் போதும் என்றார். அந்த ஒற்றை எண்ணைத் தரக்கூடிய எளிய நிலையாற்றல் எதை வைத்தாலும் விடை ஒன்றே. 1936-இல் இதே உபாயத்தை நியூட்ரான்களுக்கும் அவர் கையாண்டார். ஆனால் இதைத் திடப்பொருளுக்கும் மூலக்கூறுகளுக்கும் கொண்டுசெல்லும் எண்ணம் ஃபெர்மிக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய நாட்டம் அணுக்கருவின் பக்கம் திரும்பிவிட்டது.

அவ்வெண்ணம் வேறொருவருக்கு உண்டாயிற்று. அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இத்துறையின் பாடநூல்கள் பலவற்றில் அவருக்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடமில்லை.

ஹான்ஸ் ஹெல்மன் 1903-இல் ஜெர்மனியின் வடகடற்கரைத் துறைமுகமான வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் பிறந்தார். ஸ்டுட்கார்ட்டில் பௌதிகம் பயின்று, ஹானோவர் நகரத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பௌதிக ஆசிரியராய் அமர்ந்தார். மாட்டு வைத்தியம் கற்க வந்த மாணவர்களுக்குப் பௌதிகத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, ரசாயனப் பிணைப்பைக் குவாண்டம் விதிகளால் விளக்கும் ஆராய்ச்சியிலும் அவர் ஈடுபட்டிருந்தார். அவருடைய மனைவி விக்டோரியா பெர்ன்ஸ்டைன் உக்ரேனிலிருந்து வந்த யூதக் குடும்பத்தவர். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் ஹெல்மன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1934-இல் மனைவியுடனும் சிறு மகனுடனும் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்குள்ள கார்ப்போவ் பௌதிக ரசாயன நிலையம் அவரை ஏற்றுக்கொண்டது.

அந்நியத் தலைநகரில், புது மொழியில், இருந்த நான்கு ஆண்டுகளில் அவர் செய்த வேலை வியக்கத்தக்கது. 1935-இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். பல எலெக்ட்ரான்கள் கொண்ட அணுவில் உட்கூட்டு எலெக்ட்ரான்களைத் தனித்தனியே கணக்கிடாமல், அவற்றால் எழும் தடையை ஒரு கூடுதல் விலக்கு ஆற்றலாகக் கருதி, கருவின் கவர்ச்சியோடு சேர்த்துவிடலாம் என்பதே அதன் சாரம். பொட்டாசியத்திற்கு அவர் எழுதிய நிலையாற்றலில் இரண்டே உறுப்புகள். ஒன்று, தொலைவில் நிற்கும் எலெக்ட்ரான் உணரும் சாதாரண மின்கவர்ச்சி. மற்றது, கருவை நெருங்க நெருங்க விரைந்து ஓங்கும் விலக்கம். அந்த விலக்கத்தின் வலிமையையும் அது எட்டும் தூரத்தையும் குறிக்கும் இரண்டு எண்களை, தனி அணுவின் நிறமாலையிலிருந்து பொருத்தி எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டில் கஸ்ஸடோச்கின் என்பவரோடு சேர்ந்து, அதே எண்களைக் கொண்டு உலோகத்தின் பிணைப்பை ஆராய்ந்தார். அணுவில் அளந்ததைத் திடப்பொருளில் பயன்படுத்தும் துணிவு இம்முறையின் உயிர்நிலை. அது முதன்முதலில் தோன்றியது இங்கேதான்.

1937-இல் குவாண்டம் ரசாயனத்தைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் ரஷ்ய மொழியில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அதன் சுருங்கிய ஜெர்மன் வடிவம் வியன்னாவிலும் லைப்ஸிக்கிலும் இயங்கிய ஒரு பதிப்பகத்தின் மூலம் வெளியாயிற்று. பிறந்த நாடு துரத்தியவரின் நூல், அந்நாட்டு மொழியில், அந்நாட்டு நகரின் பெயரைத் தாங்கி வந்தது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் மாஸ்கோவில் கைது செய்யப்பட்டார். அப்போது ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்த காலம். ஜெர்மானியராய்ப் பிறந்ததே சந்தேகத்துக்குப் போதுமாயிருந்தது. 1938 மே 29-ஆம் நாள் ஹெல்மன் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பத்து நான்கு. ஒரு நாட்டில் மனைவியின் குலம் குற்றமாயிற்று. மற்றொரு நாட்டில் அவருடைய பிறப்பே குற்றமாயிற்று. 1957-இல் சோவியத் அரசாங்கம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அவர் வாழ்க்கை வரலாறு விரிவாக எழுதப்பட்டதோ, சோவியத் ஒன்றியம் மறைந்த பின்னரே.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சூடோ என்பதற்குப் பொய் என்றும் போலி என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. கலைச்சொல் ஆக்குவோரில் சிலருக்குப் போலி என்ற சொல் பிடிப்பதில்லை. போலி மருந்து, போலிக் கையெழுத்து என்று வழங்கி வழங்கி அதன்மேல் இழுக்கு ஏறிவிட்டது என்பர். நமக்கோ அதுவே மிகப் பொருத்தமான சொல்லாகப் படுகிறது. தமிழ் இலக்கணத்தில் போலி என்பது ஏமாற்று அன்று. அறம் என்பது அறன் என்று வரும். பந்தல் என்பது பந்தர் என்று வரும். ஓர் எழுத்தின் இடத்தில் மற்றோர் எழுத்து வந்து நின்றும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. அதுதான் போலி. இங்கும் அணுவின் உள்ளே ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து நிற்கிறது. வெளியே நிற்கும் எலெக்ட்ரானுக்குப் பொருள் மாறுவதில்லை. ஆதலின் போலி நிலையாற்றல் என்றே இனிச் சொல்லிச் செல்வோம்.

ஹெல்மனின் கட்டுரைகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தன. இதற்கிடையில் அமெரிக்காவில் வேறொரு பாதையில் இதே இடத்தை நோக்கி ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவர் கான்யர்ஸ் ஹெரிங். 1940-இல் அவர் வெளியிட்ட முறையில் போலி ஏதும் இல்லை. திடப்பொருளில் எலெக்ட்ரானின் அலையைச் சாதாரணத் தட்டையலைகளின் கூட்டாக எழுதலாம். ஆனால் கருவின் அருகே அவ்வலை வெகு நெருக்கமாக ஏறி இறங்குகிறது. உட்கூட்டு அலைகளோடு கலவாமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே அந்த நடுக்கத்திற்குக் காரணம். அதனைத் தட்டையலைகளால் வரைய வேண்டுமானால் எண்ணி மாளாத அலைகள் வேண்டும். ஹெரிங், ஒவ்வொரு தட்டையலையிலிருந்தும் உட்கூட்டின் பங்கை முன்கூட்டியே கழித்துவிட்டார். கழித்தபின் சில அலைகளே போதுமாயின. கணக்கு வேலையைக் குறைப்பதற்கான உபாயமாக அதனை எல்லோரும் போற்றினர். அதற்குள் ஓர் ஆழ்ந்த கருத்து ஒளிந்திருந்ததைப் பிறகு வந்தவர்களே வெளிக்கொணர்ந்தனர்.

அதற்கு அவர்களைத் தூண்டியது ஒரு புதிர். உலோகத்தில் எலெக்ட்ரான்கள் தடையின்றித் திரிவதாக வைத்து அர்னால்டு ஸோம்மர்ஃபெல்ட் 1927-28-இல் ஒரு கொள்கை வகுத்தார். அது பல விஷயங்களில் நன்றாகப் பொருந்தியது. ஏன் பொருந்த வேண்டும்? வழி நெடுக வலிய மின்னேற்றமுள்ள அணுக்கருக்கள் நிற்கின்றனவே! 1958-இல் ஏ. வி. கோல்டு என்பவர் ஈயத்தின் எலெக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் வைத்து ஆராய்ந்து, அவை ஏறத்தாழத் தங்குதடையின்றித் திரிபவை போலவே நடப்பதைக் காட்டினார். எண்பத்திரண்டு மின்னேற்றம் கொண்ட கருக்களுக்கு நடுவே, அவை அங்கு இல்லாதது போல!

மறு ஆண்டே விடை கிடைத்தது. கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரில் ஜேம்ஸ் பிலிப்ஸ் என்ற இளம் விஞ்ஞானியும் லெனார்டு கிளைன்மன் என்ற ஆராய்ச்சி மாணவரும், ஹெரிங்கின் சமன்பாட்டை எடுத்து உறுப்புகளை இடம் மாற்றி எழுதினர். உட்கூட்டோடு கலவாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை, சமன்பாட்டின் வேறொரு மூலையில் ஒரு விலக்கு ஆற்றலாக மாறி நின்றது. கருவின் பெருங்கவர்ச்சியையும் இந்த விலக்கத்தையும் கூட்டினால் மிகச் சிறியதொரு நிலையாற்றலே மிஞ்சியது. அலையும் கருவின் அருகே நடுங்காமல் மென்மையாக வழிந்தது. எலெக்ட்ரானின் ஆற்றலோ அணுவளவும் மாறவில்லை. இது தோராயம் அன்று, சமன்பாட்டின் சரியான மாற்றுவடிவம். 1959-இல் இது வெளிவந்தது. செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த அன்டோன்சீக் என்பவரும் அதே ஆண்டில் இதே முடிவுக்குத் தனியே வந்தார். ஹெல்மன் அனுமானத்தால் வைத்த விலக்கம் எங்கிருந்து எழுகிறது என்பது இப்போது விளங்கியது. ஈயத்தின் புதிரும் அவிழ்ந்தது.

இதில் மற்றொரு நுட்பமும் இருந்தது. 1961-இல் மாரல் கோஹனும் வோல்கர் ஹைனெயும், போலி நிலையாற்றல் என்பது ஒன்றே ஒன்று அன்று என்று விளக்கினர். ஒரே ஆற்றலைத் தரும் போலிகள் பல. அவற்றுள் நமக்கு வசதியானதைத் தேர்ந்துகொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர் எவரும் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார். ஒரு மூலத்துக்குச் சரியான பெயர்ப்பு ஒன்றுதான் என்று எண்ணுபவர் அத்தொழிலில் ஒரு மாதம் இருந்து பார்க்கலாம்.

இவ்விடத்தில் நம் நாட்டவர் இருவரின் பங்கு குறிக்கத்தக்கது. 1928-இல் ஸோம்மர்ஃபெல்ட் கல்கத்தாவுக்கு வந்து அலை இயக்கவியல் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அப்போது அந்நகரில் சர் சி. வி. ராமனோடு பணியாற்றிக்கொண்டிருந்தவர், தமிழ்நாட்டில் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். பின்னாளில் அவர் டாக்கா சென்று, மீண்டும் கல்கத்தா வந்து, 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே ஏ. பி. பாட்டியா என்ற இளைஞரோடு சேர்ந்து உருகிய உலோகங்களின் மின்தடையை ஆராய்ந்தார். உருகிய சோடியத்தில் அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. ஆனால் அந்த ஒழுங்கின்மைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அதனை அளந்துவிடலாம். எக்ஸ் கதிர் எப்படிச் சிதறுகிறதோ அப்படியே எலெக்ட்ரானின் அலையும் சிதறும். ஆகவே முன்னதன் அளவைக் கொண்டு பின்னதன் தடையைக் கணக்கிடலாம் என்று அவ்விருவரும் 1945-இல் ஒரு குறிப்பிலும், 1948-இல் விரிவான கட்டுரையிலும் எழுதினர்.

கருத்து சரியானது. குறையாக இருந்தது ஒன்றுதான். தனித்தனி அணு ஒவ்வொன்றும் எலெக்ட்ரானை எவ்வளவு சிதறச் செய்கிறது என்பதற்கு நம்பத்தக்க அளவுகோல் அன்று இல்லை. கருவின் முழு விசையை வைத்தால் விடை தாறுமாறாகும். போலி நிலையாற்றல் வந்தபின் அக்குறை நீங்கியது. ஜான் ஸைமன் 1961-இல் இரண்டையும் இணைத்து உருகிய உலோகங்களின் மின்தடைக்குரிய சூத்திரத்தை அளித்தார். இன்று அது அவர் பெயரால் வழங்குகிறது. தில்லியில் தேசீய பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் தலைவராக 1947 முதல் பணியாற்றிய கிருஷ்ணன், அதே 1961-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காலமானார். பாட்டியா கனடா நாட்டில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் இருந்து, கலப்பு உலோகத் திரவங்களைப் பற்றிப் பிற்காலத்திலும் புகழ்பெற்ற ஆராய்ச்சிகள் செய்தார். சூத்திரத்துக்கு எவர் பெயர் இருப்பினும், அலகாபாத்தில் நட்ட வித்து அது என்பதைத் தில்லியில் வாழும் தமிழர்களேனும் அறிந்திருத்தல் நலம்.

உலோகத்தை விட்டுக் குறைக்கடத்திகளுக்கு வந்தால் கதை வேகமெடுக்கிறது. டிரான்ஸிஸ்டர் பிறந்த காலம் அது; சிலிக்கனையும் ஜெர்மானியத்தையும் பற்றிய அளவீடுகள் குவிந்தன; அவற்றுக்குப் பொருள் சொல்லக் கொள்கைதான் இல்லை. பெர்க்லியில் மார்வின் கோஹனும் பெர்க்ஸ்ட்ரெஸ்ஸரும் 1966-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சிலிக்கனின் எலெக்ட்ரான் ஆற்றல் நிலைகள் அனைத்தையும் வரைய மூன்றே எண்கள் போதும் என்று அவர்கள் காட்டினர். கேலியம் ஆர்ஸனைடு போன்ற கூட்டுப்பொருளுக்கு ஆறு எண்கள். ஒளியை எந்த நிறத்தில் எவ்வளவு விழுங்குகிறது என்ற அளவீட்டோடு ஒத்துவரும்வரை அவ்வெண்களைச் சிறிது சிறிதாகத் திருத்தினர். இப்படிப் பதினான்கு குறைக்கடத்திகளின் வரைபடங்கள் ஒரே கட்டுரையில் வெளிவந்தன. அதற்குமுன் ஒரு பொருளுக்கு வரைவதே ஓர் ஆராய்ச்சி மாணவரின் பட்டத்துக்குப் போதுமான உழைப்பாக இருந்தது.

ஆயினும் இதில் ஒரு மனக்குறை உண்டு; அதை மறைப்பது முறையன்று. எண்களை அளவீட்டிலிருந்து எடுத்துவிட்டு, அளவீட்டோடு பொருந்துகிறது என்று மகிழ்வதில் ஓரளவு சுற்றி வளைத்தல் இருக்கிறது. அன்றி, பருகுநிலைச் சிலிக்கனுக்குப் பொருத்திய எண்கள், அதன் மேற்பரப்புக்கோ மிகையழுத்தத்தில் மாறிய வடிவத்துக்கோ பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அளந்தறியாத பொருளைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டுமானால், போலியை அளவீட்டிலிருந்து அன்றி, அணுவின் அடிப்படைக் கணக்கிலிருந்தே பெற வேண்டும்.

அதற்குரிய அடித்தளத்தை அமைத்தவர் வால்டர் கோன். வியன்னாவில் பிறந்த இவரும் ஓர் அகதியே. சிறுவனாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பினார். பெற்றோர் ஆஷ்விட்ஸில் மாண்டனர். 1964-இல் ஹோஹன்பெர்க்கோடும் 1965-இல் ஷாமோடும் சேர்ந்து, ஒவ்வொரு எலெக்ட்ரானின் கதையையும் தனியே எழுதாமல், இடத்துக்கு இடம் எலெக்ட்ரான் அடர்த்தி எவ்வளவு என்பதை மட்டும் கொண்டே கணக்கிடும் வழியை அவர் வகுத்தார். 1998-இல் இதற்காக ரசாயன நோபெல் பரிசில் பங்கு பெற்றார். இம்முறையில் அடர்த்தியே முதன்மை. ஆகையால் இங்குப் பயன்படும் போலி, ஆற்றலை மட்டுமன்றி அடர்த்தியையும் சரியாகத் தர வேண்டும். பிலிப்ஸ், கிளைன்மன் போலியில் அது தவறியது. உள்ளே நடுக்கத்தை நீக்கியபோது, உள்ளே இருக்க வேண்டிய எலெக்ட்ரானின் பங்கும் குறைந்துபோய், அது வெளிப்புறக் கணக்கையும் கெடுத்தது.

1979-இல் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஹாமன், ஷ்லூட்டர், சியாங் என்ற மூவர் இதனைத் தீர்த்தனர். அணுவைச் சுற்றி ஓர் எல்லை வட்டத்தைக் குறித்துக்கொள்க. அதற்கு வெளியே போலி அலையும் உண்மை அலையும் இம்மியும் வேறுபடக் கூடாது. உள்ளே வடிவம் எப்படி வேண்டுமானாலும் மாறலாம். ஆனால் உள்ளே அடங்கிய மொத்த மின்னேற்றம் மட்டும் உண்மை அலையில் உள்ளதற்குச் சமமாக இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையைக் காத்துவிட்டால், தனி அணுவில் செய்த போலி வேறு சூழலுக்குக் கொண்டுபோனாலும் ஏமாற்றாது என்று அவர்கள் நிறுவினர். எழுத்து மாறலாம், மாத்திரை மாறலாகாது என்பது போன்றதொரு விதி. அறம் அறனாகும்போது மாத்திரை குறைவதில்லை அல்லவா? 1982-இல் ஹைட்ரஜன் முதல் புளூட்டோனியம் வரை அத்தனை மூலகங்களுக்கும் இத்தகைய போலிகளின் அட்டவணை ஒன்று வெளியிடப்பட்டது. ஆராய்ச்சியாளர் ஒருவர் அதைப் புரட்டி வேண்டிய மூலகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது.

பலன் விரைவில் தெரிந்தது. 1980-இல் யின் என்பவரும் மார்வின் கோஹனும், சிலிக்கனின் அணு எண், அணு எடை இவற்றையும், அணுக்கள் அடுக்கப்படக்கூடிய சில வடிவங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, அது வைரத்தின் வடிவிலேயே படியும் என்றும், பெரும் அழுத்தத்தில் வெள்ளீயத்தின் வடிவுக்கு மாறும் என்றும் கணித்தனர். இது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் 1985-இல் வந்தது தெரியாத ஒன்று. இன்னும் அழுத்தினால் சிலிக்கன் அறுகோண வடிவெடுத்து, மின்தடையே அற்ற மீகடத்தியாகும் என்று கோஹனின் குழுவினர் கணக்கால் கண்டனர். சோதனை செய்தபோது, கெல்வின் அளவையில் எட்டுப் பாகை அளவில் அவ்வாறே ஆயிற்று.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. அணுக்கருவின் அருகேயே நடக்கும் காரியங்களை, எக்ஸ் கதிர் வெளிப்படுதல் போன்றவற்றை, அகத்தை மாற்றி வைத்த கணக்கால் நேரே சொல்ல முடியாது. செம்பு, இரும்பு போன்ற உலோகங்களில் எது அகம், எது புறம் என்று கோடு கிழிப்பதே கடினம். இக்குறைகளைப் போக்க 1990-இல் வாண்டர்பில்ட் ஒரு மென்மையான போலியையும், 1994-இல் பீட்டர் ப்ளோக்கல் என்பவர் மறைத்த அகத்தை மீட்டெடுக்கும் வழியையும் அளித்தனர். அவ்விவரங்கள் இங்கு வேண்டா.

ஒரு செய்தி மட்டும் எஞ்சியிருக்கிறது. 1985-இல் கார், பாரினெல்லோ என்ற இத்தாலியர் இருவர், அணுக்கள் அசைந்து இடம் மாறுவதையே கணிப்பொறியில் நடத்திக் காட்டும் வழியை வகுத்தனர். அதற்கு, ஒவ்வோர் அணுவின்மேலும் எலெக்ட்ரான்கள் செலுத்தும் விசை எவ்வளவு என்று ஒவ்வொரு கணமும் தெரிய வேண்டும். அந்த விசையைத் தருவது ஒரு தேற்றம். 1939-இல் ரிச்சர்டு ஃபைன்மன், மாணவராய் இருந்தபோதே அதனைத் தாமாகக் கண்டு வெளியிட்டார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1937-இல், மாஸ்கோவில் வெளிவந்த ஒரு ரஷ்யப் பாடநூலில் அது இருந்தது. அதனால் இன்று ஹெல்மன்–ஃபைன்மன் தேற்றம் என்ற இரட்டைப் பெயரோடு அது வழங்குகிறது. கணிப்பொறியில் சிலிக்கனின் அணு ஒவ்வொன்றும் அசையும்போது, அதன் அகத்தில் அமர்ந்திருக்கும் போலியும், அதனை அசைக்கும் விசைக்குரிய தேற்றமும், கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட அந்த ஒரே ஆசிரியரிடமிருந்து வந்தவை.